மைனஸ் தொண்ணூறு

நில அளவை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில், அலை காலை நனைக்கிற இடத்தில் ஜிபிஎஸ் கருவியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். உயரம் மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் மீட்டர்! கருவி பழுது என்று நினைத்து இரண்டு முறை நிறுத்தி இயக்கினேன். "கருவி சரிதான் தம்பி. அதின்ர பூச்சியம் வேற, கடலின்ர பூச்சியம் வேற" என்றார் கூட வந்த அண்ணை.

ஜிபிஎஸ் பூமியை ஒழுங்கான நீள்வட்ட உருண்டையாக வைத்துத்தான் உயரம் சொல்கிறது. கடல் மட்டமோ ஈர்ப்புவிசைக்கேற்ப மேடு பள்ளமாகக் கிடக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, 100 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம். திருகோணமலை அதன் சரிவில் இருக்கிறது.

பல வருடம் கழித்து ஒரு விமான நிலைய அளவை வேலையில்தான் அந்தப் பாடத்தின் கனம் தெரிந்தது. சுற்றியுள்ள மரங்களின் உயரப் பட்டியலில் சில எண்கள் கடல் மட்டத்திலிருந்து எடுத்தவை, சில கருவி தந்தபடியே எழுதியவை. ஒரே நிரலில் கலந்து கிடந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் விமானி மேலேறிவிட வேண்டிய உயரம், வழமையான துல்லிய இறக்கத்தில், 200 அடி. அதாவது 60 மீட்டர். எங்கள் குழப்பம் அதைவிடப் பெரியது. அந்த ஓடுபாதை முனையின் உயரத்துக்கு அனுமதிக்கும் பிழையோ 25 சென்டிமீட்டர்தான்.

இந்தியாவின் ககன் போன்ற ஜிபிஎஸ் திருத்த அமைப்புகளை நான் மனதார மதிக்கிறேன். தரை நிலையங்கள் ஜிபிஎஸ் பிழையைக் கணித்து, செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்குத் திருத்தம் அனுப்புகின்றன. சமிக்ஞையை நம்ப முடியாவிட்டால் சில விநாடிகளில் எச்சரிக்கையும் வரும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் வானில் பொழுது சாய்ந்தபின், மேல் வானில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் கலங்கி, ஜிபிஎஸ் சமிக்ஞையையும் குழப்பும். அங்கே இதைச் செய்வது லேசான காரியமல்ல. ஆனால் நான் பிழையாக எழுதிக் கொடுத்த மரத்தின் உயரத்தை எந்தச் செயற்கைக்கோளும் திருத்தாது.

இப்போது திருகோணமலை விமான நிலையம் இருக்கும் சீனக்குடாப் பக்கம் விமானம் தாழ்ந்து வரும்போதெல்லாம் என் கண் முதலில் போவது பனைகளின் உச்சிக்குத்தான். அப்புறம்தான் விமானத்துக்கு.