சிங்கப்பூர் மழையும் தரையை மூடும் சதைப்பற்றுச் செடிகளும்

தேசியப் பூங்காக் கழகம் குடியிருப்பாளர்களுக்கு வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளில் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர். கீரையும் வெண்டையும் போக மீதமிருந்த ஓரத்தில், பெருமழை பெய்யும்போதெல்லாம் மண் தெறித்துக் கீரை இலைகளின் அடியில் ஒட்டிக்கொள்வதும், வெயில் அடித்ததும் அந்த மண் இறுகிப் போவதும் தொல்லையாக இருந்தன. ஆகவே, ஒரு சாண் உயரத்துக்குள் படர்ந்து, ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல் தரையை மூடும் சதைப்பற்றுச் செடி ஒன்றை அங்கே வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

இவ்வகைச் செடிகளில் பெயர்பெற்றது சீடம் இனம். ஆனால் ஐரோப்பியத் தோட்டங்களிலும் கூரைகளிலும் படரவிடப்படும் சீடங்களில் பெரும்பாலானவை குளிர்காலம் கண்டு பழகியவை. இரவிலும் 25 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும் நம் ஊர் வெப்பத்தில் அவற்றை வைத்துப் போராடுவதில் எனக்கு ஆர்வமில்லை. மெக்சிக்கோ, குவாத்தமாலா பகுதிகளைச் சேர்ந்த மெக்சிக்கோ சீடம் வெப்பத்தை ஓரளவு தாங்கும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். விரல் நீளத்துக்குத் தண்டுகளைக் கிள்ளி, காயம் உலர்ந்தபின் ஈர மண்ணின்மேல் படுக்க வைத்து லேசாக அழுத்தினாலே போதும், கணுக்களில் வேர் விட்டுவிடுகிறது. சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்யும் பிப்ரவரியில் நட்டதால், பளிச்சென்ற இளம்பச்சையில் குறுகிய இலைகள் அடுக்கடுக்காக எழுந்து, இடைவெளி தெரியாமல் ஓரம் முழுவதையும் மூடின. மற்ற நாடுகளில் இது மஞ்சள் பூக்களால் நிறையும். என் பாத்தியில் பூக்கவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

இச்செடிகளின் இயல்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சீடம், நம் வீடுகளில் மருந்துக்கு வளர்க்கும் ரணகள்ளி ஆகியவை அடங்கிய குடும்பத்தில் பல செடிகள், நீரிழப்பைத் தவிர்ப்பதற்காகப் பகலில் இலைத் துளைகளை மூடி வைத்துக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி அமிலமாகச் சேமிக்கின்றன. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் அந்தப் புளிப்பு மறைந்துவிடுவதையும் மென்று பார்த்தே உணர்ந்து, 1813இல் எழுதிய கடிதம் ஒன்றில் குறிப்பிட்டார். இரவு குளிர்ந்தால் இந்தச் சேமிப்பு நன்றாக நடக்கும். இரவும் வெக்கையாக இருந்தால் குறையும். பகலில் வெயில் வாட்டினாலும் இரவில் குளிரும் மேட்டுநிலத்தில் இச்செடிகள் செழிப்பதற்கும், இங்கே அதே செடிகள் சற்று நலிந்தே இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

நலிவு ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான சோதனை வடகிழக்குப் பருவமழையோடு வந்தது. டிசம்பரில் மட்டும் இங்கே சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மேலிருந்து பார்த்தபோது படர்வின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இலைகள் கண்ணாடித்தன்மையோடு மங்கியிருந்தன. விரலால் விலக்கியதும் தண்டுகள் அடியில் கூழாகிக் கையோடு வந்தன. மண்ணை ஒட்டி வெள்ளை இழைகள் விசிறியாகப் பரவியிருந்தன; அவற்றின் இடையே கடுகைப் போன்ற பழுப்பு உருண்டைகள் சிதறிக் கிடந்தன. ஸ்கிளிரோஷியம் என்ற பூசணத்தின் அடையாளம் அது. வெப்பம், ஈரம், காற்று புகாத அடர்த்தி ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் அதற்கு மிகவும் பிடிக்கும். தரையை நெருக்கமாக மூடுவதற்காக எந்த அடர்த்தியை நான் விரும்பினேனோ, அதுவே பூசணத்துக்கு வீடாக அமைந்தது. அந்த உருண்டைகள் மண்ணில் பல காலம் உயிரோடு கிடக்கும் என்பதால், அழுகிய பகுதியை அடிமண்ணோடு அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன், உரக்குழியில் போடவில்லை.

மீதிச் செடிக்கு மண்ணை முற்றிலும் மாற்றினேன். சுட்ட மண் கட்டிகள், பியூமிஸ் என்னும் துளைகள் நிறைந்த எரிமலைக் கல் ஆகியவற்றைப் பெரும்பங்காகவும், தேங்காய் நார்த்தூளைச் சிறுபங்காகவும் கலந்து, தண்ணீர் வெளியே வழிந்தோடும்படி ஓரத்தை நோக்கிச் சரிவு கொடுத்தேன். கொசு ஒழிப்புக்காக இங்கே வீடுதோறும் வலியுறுத்தப்படும் வழிகளில் இறுகிய மண்ணைக் கிளறிவிடுவதும் ஒன்று. சீடத்துக்கும் அதே வேலைதான் நன்மை செய்கிறது. அதோடு, மழைக்காலத்துக்கு முன்பே கத்தரிக்கோலால் படர்வின் இடையிடையே வெட்டிக் காற்று புக வழி செய்துவிடுகிறேன். இப்போது அழுகல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றுவிடுகிறது. ஆனால் இடைவெளி விட்டு வெட்டப்பட்ட சீடம் தரையை முழுதாக மூடுவதில்லை; இடுக்குகளில் கோரை முளைக்கிறது.

அதனால் மறுபாதியில் வேறொரு செடியை வைத்தேன். புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையிலும் பிற கடற்கரைகளிலும் மணலோடு ஒட்டிப் படரும் செசுவியம் அது. பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் செடி பறிப்பது சட்டப்படி குற்றம் என்பதால், நர்சரியில் வாங்கிய ஒரு தொட்டிச் செடியிலிருந்தே பெருக்கினேன். சிவந்த தண்டு, எதிரெதிராக இரண்டிரண்டு தடித்த இலைகள், கணுவுக்குக் கணு வேர். இலைக்கக்கத்தில் ஒற்றையாக இளஞ்சிவப்புப் பூ பூக்கிறது. ஆனால் அதற்கு இதழே கிடையாது. வெளிப்புறம் பச்சையாகவும் உட்புறம் இளஞ்சிவப்பாகவும் உள்ள, மொட்டைப் பொதிந்திருக்கும் ஐந்து புல்லிகள்தாம் நட்சத்திரமாக விரிகின்றன; சில மணி நேரத்தில் மூடிக்கொள்கின்றன. பக்கத்துப் பாத்தி அக்கா ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, “என்ன தம்பி, கடல் தண்ணி ஊத்தியா வளக்குறீங்க?” என்று கேட்டார். நான் ஊற்றுவது குழாய்த் தண்ணீர்தான். மண்ணில் இருக்கும் கொஞ்ச உப்பையும் இழுத்து இலையில் சேர்த்துக்கொள்வது இச்செடியின் குணம்.

மழையில் இது அழுகவில்லை. அலையும் ஏற்றநீரும் நனைத்துப் போகும் இடத்தில் வாழும் செடிக்கு, பாத்தியில் அரைநாள் நிற்கும் நீர் ஒரு பொருட்டே அல்ல. குறை என்றால் வேகம்தான்: வெட்டாமல் விட்டால் வெண்டையின் அடிவரை ஓடிவிடுகிறது, நிழல் விழும் இடத்தில் நீண்டு மெலிந்து அழகு கெடுகிறது. சிங்கப்பூரில் திறந்த பாத்தியில் தரையை மூடத்தான் செடி வேண்டும் என்றால் என் தேர்வு செசுவியமே. சீடத்தின் இளம்பச்சையை விட மனமில்லாதவர்கள், மழை நேராக விழாத, வெயில் படும் மாடத்தில் ஆழமில்லாத தொட்டியில் அதை வளர்க்கலாம். தொட்டி வைக்கும் இடம் அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரமாக இருந்தால், நடக்க 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும்.

வரும் நவம்பருக்குள் எஞ்சிய சீடத்தைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, ஓரம் முழுவதற்கும் செசுவியத் தண்டுகளை நடப் போகிறேன். வெட்டியதில் மிஞ்சுவதை அக்கா பருப்பில் போட்டுக் கடையக் கேட்டிருக்கிறார்; உப்பைக் கடைசியில் பார்த்துப் போடும்படி சொல்லியிருக்கிறேன்.