பாட்டைத் தாங்கும் ரிஃப்

மயிலாப்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் கிடாரில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (1972) வாசித்துக்கொண்டிருந்தான். "மாமா, ரிஃப்னா என்ன? பல்லவி மாதிரியா?"

இல்லை. பல்லவி பாடுபவர் வாயில் இருக்கிறது. ரிஃப் என்பது பெரும்பாலும் கிடாரில் திரும்பத் திரும்ப வரும் நாலைந்து ஸ்வரத் துண்டு. பாட்டே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். வரிகளை எடுத்துவிட்டாலும் எந்தப் பாட்டு என்று தெரியும். ரிஃபை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. 'ஹோட்டல் கலிஃபோர்னியா' எனக்கு உயிர், ஆனால் அது கார்டுகளின் (chord, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையில் நகரும் பாட்டு. இந்த வகையில் சேராது.

அவன் ஒற்றைத் தந்தியில் பிக்கால், அதாவது தந்தியை மீட்டும் சின்னத் தகட்டால், வாசித்தான். டீப் பர்ப்பிளின் கிடாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் இரண்டு தந்திகளைச் சேர்த்து விரலால் சுண்டுவார். அப்படிச் செய்யச் சொன்னேன். மூன்றாவது முறை சத்தம் திரண்டு வந்தது. பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்!

அப்புறம் வரிசையாகக் கேட்டோம். கிங்க்ஸின் 'யூ ரியலி காட் மீ' (1964): அந்தக் குழுவின் கிடாரிஸ்ட் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கிழித்து வரவழைத்த கரகரப்பு அது. லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' (1969). பிளாக் சபாத்தின் 'அயர்ன் மேன்' (1970) தான் எனக்கு உச்சம். அதில் ஆஸி ஆஸ்போர்னின் குரல்கூட ரிஃபின் மெட்டிலேயே போகிறது.

சாப்பிடக் கூப்பிட்டாள் அக்கா. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.