ரெண்டு ஜார் கோப்பு, மூணு தடவை அம்பத்தூர்

நேற்று சாயங்காலம்தான் வாடிக்கையாளர் அலுவலகத்தில் டிக்கெட்டை (வேலைக்கான கோரிக்கையை) மூடினார்கள். டெஸ்ட் சர்வரில் பத்து நிமிடத்தில் முடிந்த பிளக்-இன் நிறுவும் வேலை, நிஜப் பயன்பாட்டில் இருக்கும் புரொடக்‌ஷனில் பத்து நாள் இழுத்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்னொருவருக்காவது பெட்ரோல் மிச்சமாகட்டும்.

ஐபிஎம் கன்டென்ட் நேவிகேட்டரில் (அலுவலக ஆவணங்களைப் பிரவுசரில் கையாளும் மென்பொருள்) பிளக்-இன் (கூடுதல் வசதி தரும் துண்டு நிரல்) போடுவது எப்படி என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது. அட்மின் டெஸ்க்டாப்பில் (நேவிகேட்டர் ஒவ்வொரு பிரிவினருக்கும் காட்டும் திரைக்கு டெஸ்க்டாப் என்று பெயர்) போய், புது பிளக்-இன் என்று திறந்து, ஜார் கோப்பு (ஜாவா நிரலின் பொதி) இருக்கும் பாதையைக் கொடுத்து, லோட் அழுத்தி, சேவ் செய்ய வேண்டும். அவ்வளவுதான், அதில் ஒரு சிக்கலும் இல்லை. பின்னால் ஆவணங்களைச் சேமித்து வைத்திருப்பது ஃபைல்நெட். ஐபிஎம் அதை 2006இல் வாங்கியாகிவிட்டது, ஆனாலும் வாடிக்கையாளர் அலுவலகத்தில் எல்லாரும் இன்னும் "ஃபைல்நெட் ஸ்க்ரீன்" என்றுதான் சொல்கிறார்கள்.

போட வேண்டியவை இரண்டு. ஒன்று, வெளி நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்த பிளக்-இன். ஆவணத்தின் மேல் வலது கிளிக் செய்தால் "முத்திரையிட்டு அனுப்பு" என்று ஒரு வரி வர வேண்டும். இன்னொன்று நேவிகேட்டரோடு கூடவே வரும் ஈடிஎஸ் (எக்ஸ்டெர்னல் டேட்டா சர்வீசஸ்) பிளக்-இன். ஆவணம் சேர்க்கும் படிவத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த மாநிலத்தின் மாவட்டங்கள் மட்டும் அடுத்த கட்டத்தில் வர வேண்டும். அதற்குப் பட்டியல் கொடுக்கும் சின்ன சர்வீஸ் எங்கள் கைவேலை.

அட்மின் டெஸ்க்டாப்பை விபிஎன் வழியாகத் திறக்க விடுவார்கள். சர்வருக்குள் கோப்பு வைக்க வேண்டுமென்றால் நேரில் வர வேண்டும். மேடவாக்கத்திலிருந்து அம்பத்தூர். சனிக்கிழமை ராத்திரி பத்து முதல் இரண்டு வரை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்குக் கேட்டில் நின்றேன்.

"சார், பாக்கெட்ல இருக்கிறதெல்லாம் ட்ரேல வைங்க."

வைத்தேன். பென் டிரைவைத் தனியாக எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, மேஜை டிராயருக்குள் வைத்தார் செக்யூரிட்டி. எனக்கு 47 என்று எழுதிய ஒரு பித்தளை டோக்கன். ரெண்டு ஜாரும் அந்த உறைக்குள். வெளியிலிருந்து வரும் கோப்பு எதுவாக இருந்தாலும் அவர்களுடைய செக்யூரிட்டி ஸ்கேன் வழியாகத்தான் உள்ளே போகும், அந்த அணி திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை பார்க்கும். டிக்கெட் போடும்போது இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெஷின் காபி ஒன்றைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஆகவே முதல் வேலையாக, கோப்பு எந்த வழியில் சர்வருக்குப் போகும் என்பதை டிக்கெட் போடும் முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை ராத்திரி இரண்டாம் பயணம். கோப்பு ஸ்கேன் முடிந்து வந்துவிட்டது. அங்கே சர்வர் பொறுப்பில் இருப்பவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற, நிதானமான மனிதர். அவரே கையால் நகலெடுத்து வைத்தார். நான் பாதையைக் கொடுத்து லோட் அழுத்தினேன். எடுக்க முடியவில்லை என்று வந்தது. எழுத்துப் பிழையோ என்று மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். அதே பதில்.

"கோப்பு இருக்கே தம்பி, இங்க பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. அவர் ரூட்டாக (சர்வரின் முழு அதிகாரமுள்ள யூசர்) நுழைந்திருந்ததால் ரூட் பெயரில் இருந்தது, படிக்கும் அனுமதியும் ரூட்டுக்கு மட்டும். நேவிகேட்டரை ஓட்டும் சர்வர் மென்பொருளான வெப்ஸ்பியர் ஓடுவது வேறொரு யூசர் பெயரில். அந்த யூசருக்கு அது கோப்பே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிகிறது, என் கண்ணுக்குத் தெரிகிறது, படிக்க வேண்டியவன் கண்ணுக்குத் தெரியவில்லை. சொல்லிப் புரியவைக்க இருபது நிமிடம், மாற்ற அரை நிமிடம். இதைச் சோதிக்கச் சுலபமான வழி, வெப்ஸ்பியர் எந்த யூசரோ அந்த யூசராக மாறி அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பதுதான். கோப்பின் அனுமதி மட்டும் போதாது, அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அவனால் நுழைய முடிய வேண்டும்.

ஈடிஎஸ் ஏறியது. வெளி நிறுவனத்து ஜார் ஏறவில்லை. வெப்ஸ்பியர் பிழைகளை எழுதி வைக்கும் சிஸ்டம்அவுட் லாகைத் திறந்தால், ஜாருக்குள் இருக்கும் கிளாஸ் கோப்பின் மேஜர் வெர்ஷன் 55 என்று ஒரு வரி. பார்த்ததுமே வயிறு கலங்கிவிட்டது. 55 என்றால் ஜாவா 11இல் கட்டியது. அந்த வெப்ஸ்பியரில் இருப்பது ஜாவா 8, அதற்கு 52க்கு மேல் தெரியாது. பதினொன்றரை மணிக்கு அந்த வெளி நிறுவனத்தின் சப்போர்ட் பையனை எழுப்பினேன்.

"டெஸ்ட்டில் ஓடின அதே கோப்புதானே அனுப்பினீங்க?"

"அதேதான் சார். ஒரு சின்ன ஸ்பெல்லிங் கரெக்‌ஷன் மட்டும் பண்ணி பில்ட் எடுத்தோம்."

புது லேப்டாப்பில் பில்ட் எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அது அதே கோப்பு இல்லை, தம்பி. இந்த "சின்ன கரெக்‌ஷன்" என்ற சொல்லைக் கேட்டாலே இனி செக்சம் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) கேட்பது என்று முடிவு செய்துவிட்டேன். டெஸ்ட்டில் இருக்கும் ஜாரின் செக்சமும் புரொடக்‌ஷனுக்கு வரும் ஜாரின் செக்சமும் ஒன்றாக இருந்தால்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஒரு கிளாஸைப் பிரித்து வெர்ஷன் எண்ணைப் பார்க்கவும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஜாவா கருவித் தொகுப்பான ஜேடிகேயோடு வரும் ஜாவாபி போதும்.

வியாழக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அவர்களிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். "இந்த ஜார் திறக்கவே மாட்டேங்குதுங்க" என்றது சமையலறை வரை கேட்டிருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்து, "வெந்நீர்ல கொஞ்ச நேரம் வச்சுத் திருகுடா" என்றார். அந்த வாரம் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் அக்கறையோடு சொன்னது அது ஒன்றுதான்.

புது ஜார் வெள்ளிக்கிழமை ஸ்கேன் தாண்டியது. சனிக்கிழமை மூன்றாம் பயணம். இந்த முறை கோப்பின் பெயரிலேயே வெர்ஷன் எண்ணைச் சேர்த்துவிட்டேன். பழைய பெயரிலேயே புதுக் கோப்பை மேலே வைத்தால் வெப்ஸ்பியர் சில சமயம் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெயரை மாற்றிப் பாதையையும் மாற்றிக் கொடுத்தால் அந்தச் சந்தேகமே வராது. லோட் அழுத்தியதும் பிளக்-இன் பெயர், வெர்ஷன், அது தரும் ஆக்‌ஷன் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கைதட்டாத குறை.

அந்தச் சந்தோஷம் பத்தரை மணி வரை இருந்தது. சோதிக்க வந்திருந்த மேடம், "முத்திரை வருது. இப்ப வரல. மறுபடி வருது" என்றார். மாவட்டப் பட்டியலும் அப்படியே. ஒரு லாகின் விட்டு ஒரு லாகின் காலி.

பாதி நேரம் வருகிறது, பாதி நேரம் வரவில்லை என்றால் இரண்டு நோடு (ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் சர்வர்கள்) இருக்கிறது என்று அர்த்தம். பிளக்-இன்னின் பாதை நேவிகேட்டரின் டேட்டாபேஸில் ஒரே இடத்தில் பதிவாகிறது. ஆனால் ஒவ்வொரு நோடும் அந்தப் பாதையைத் தன்னுடைய டிஸ்கில்தான் தேடும். பயனர்களைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர் இரண்டாவது நோடுக்கு அனுப்பியவர்களுக்கு அங்கே ஜார் இல்லை.

"சார், ரெண்டாவது சர்வர்லயும் அதே ஃபோல்டர்ல வச்சிடலாமா?"

"டிக்கெட்ல ஒரு சர்வர் பேருதான் தம்பி இருக்கு."

"அதே கோப்புதான் சார்."

"கோப்பு அதேதான். சர்வர் வேறயில்ல?"

அவர் மேல் தப்பில்லை. டிக்கெட் எழுதியவன் நான். ஆனால் அந்த ராத்திரி அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மேலாளரைப் போனில் பிடித்து, அவசர அனுமதி மெயில் வந்து சேர்ந்தது ஒன்று இருபதுக்கு. இரண்டு மணிக்கு நேரம் முடிகிறது. அதுவரை அவர் எனக்குத் தன் பெண் கல்யாணத்துக்குப் பார்த்த மண்டபங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோப்பு வைத்தாயிற்று. முத்திரை இரண்டு பக்கமும் வந்தது. மாவட்டம் இன்னும் பாதி நேரம் காலி. மணி ஒன்று முப்பத்தைந்து. ஈடிஎஸ் பிளக்-இன்னில் நிரப்ப வேண்டியது ஒரே ஒரு கட்டம், சர்வீஸின் முகவரி. அதில் நான் போட்டிருந்தது லோக்கல்ஹோஸ்ட் (அதாவது கூப்பிடும் அதே மெஷின்), போர்ட் 9080. டெஸ்ட்டில் எல்லாம் ஒரே மெஷின், ஓடியது. அந்த முகவரியைக் கூப்பிடுவது பயனரின் பிரவுசர் இல்லை, நேவிகேட்டர் சர்வர். இரண்டாவது நோடு லோக்கல்ஹோஸ்ட் என்று தன்னையே கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது, அங்கே நம் சர்வீஸ் கிடையாது. அனுமதிப் பிரச்சினைக்கும் இதற்கும் தப்பு ஒன்றேதான். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து பாதையைப் பார்த்திருக்கிறேன். முதல் சர்வரின் முழுப் பெயரைப் போட்டு சேவ் செய்தேன். ஒன்று நாற்பத்தெட்டுக்கு இரண்டு பக்கமும் மாவட்டம் வந்தது. (முகவரி எச்டிடிபிஎஸ் என்றால், அந்த சர்வீஸின் சான்றிதழை வெப்ஸ்பியர் நம்பும் சான்றிதழ்களை வைத்திருக்கும் டிரஸ்ட் ஸ்டோரில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அது இன்னொரு ராத்திரியைத் தின்னும்.)

ஈடிஎஸ் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. படிவம் திறக்கும்போது ஒரு அழைப்பு, சேமிக்கும்போது ஒரு அழைப்பு வந்துவிடும். நடுவில் மாநிலத்தை மாற்றும்போதும் அழைப்பு வர வேண்டுமானால், மாநிலம் என்ற பண்பின் பதிலில் "ஹேஸ் டிபென்டென்ட் பிராப்பர்ட்டீஸ்" என்பதை ட்ரூ என்று அனுப்ப வேண்டும். சர்வீஸை எழுதியபோது அதை விட்டுவிட்டு, பிழை தேடி ஒரு முழு மதியம் டெஸ்ட்டில் போனது.

திங்கள் காலை ஒன்பது நாற்பதுக்குப் போன். கிளைகளில் யாருக்கும் முத்திரை வரியே இல்லை. இது நேவிகேட்டரைத் தொட்ட எல்லாரும் ஒருமுறை விழுகிற குழி. ஆக்‌ஷன் ஏறினால் மட்டும் போதாது, வலது கிளிக் மெனுவில் சேர்க்க வேண்டும். நேவிகேட்டரோடு கூட வரும் மெனுவைத் திருத்த விடாது. நகலெடுத்து, நகலில் சேர்த்து, அந்த நகலை ஒவ்வொரு டெஸ்க்டாப்பிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைமை அலுவலகம், கிளை, ஸ்கேனிங் என்று அவர்களுக்கு மூன்று டெஸ்க்டாப். சோதித்த மேடம் தலைமை அலுவலகம், அதனால் நான் மாற்றியதும் அது ஒன்றைத்தான். விபிஎன் வழியாகவே ஐந்து நிமிடத்தில் முடித்து, எல்லாரையும் ஒருமுறை வெளியேறி உள்ளே வரச் சொன்னேன்.

பதினோரு மணிக்கு இன்னொரு போன். தென்காசிக் கிளையிலிருந்து. "சார், மாவட்டத்துல எங்க ஊரையே காணோமே. திருநெல்வேலின்னு போட்டுக்கவா?"

பட்டியல் எங்கள் பழைய புராஜெக்ட் ஒன்றிலிருந்து நான் எடுத்துப் போட்டது. தமிழ்நாட்டுக்கு அதில் 32 மாவட்டம். 2019இல் பிரிந்த தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், அடுத்த வருடம் வந்த மயிலாடுதுறை, ஆறும் இல்லை. டெஸ்ட்டில் கேரளாவைத் தேர்ந்தெடுத்து 14 வருகிறதா என்று விரல் விட்டு எண்ணியவன் நான். சொந்த மாநிலத்தை எண்ணவில்லை. நல்லவேளை, பட்டியலை சர்வீஸின் நிரல் பொதியான வார் கோப்புக்குள் புதைக்காமல் டேட்டாபேஸ் அட்டவணையில் வைத்திருந்தோம். இல்லையென்றால் நாலாவது தடவை அம்பத்தூர். அவர்களுடைய டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ ஆறு வரி சேர்த்தார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் 38. தென்காசிக்காரர் திரும்பக் கூப்பிட்டு, "வந்துட்டு சார்" என்றார்.

சாயங்காலம் டிக்கெட் மூடிய மெயில் வந்தபோது பர்ஸைத் திறந்தேன். டோக்கன் 47 அதிலேயே இருக்கிறது. பென் டிரைவ் இன்னும் அந்த டிராயரில், ஜாவா 11 ஜாரோடு.