ஒருவழியாக என் ஹெர்ரிங்கும் சுழன்றது

அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் இருக்கும் டில்லமூக் விரிகுடாவில் சால்மன் பிடிக்க, கைடோடு (மீன்பிடி வழிகாட்டி) போவது எனக்கு இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் மீன் கிடைத்தது, ஆனால் எல்லாமே கைடு வெட்டிய ஹெர்ரிங்கில் (இரையாகப் போடும் சின்ன மீன்) மாட்டியவை. நான் வெட்டியதில் கடற்புல் மட்டும்தான் வந்தது. இந்த அக்டோபரில் என் கையால் வெட்டிய இரையை ஒரு சினூக் சால்மன் விழுங்கியது. இருபது பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், பெண் மீன். அந்தத் திமிரில்தான் எழுதுகிறேன்.

வில்சன், ட்ராஸ்க், கில்சிஸ், மயாமி, டில்லமூக் என்று ஐந்து ஆறுகள் இந்த ஒரே விரிகுடாவில் விழுகின்றன. மழைக்குப் பிறகு ஆறு ஏறுவதற்காக சினூக்குகள் இங்கே காத்துக்கிடக்கும். அதனால் படகுகளும் காத்துக்கிடக்கும். விரிகுடாவோரத்து ஊரான காரிபால்டியில் விடியற்காலை படகு இறக்க நின்ற வரிசையைப் பற்றித் தனியாகவே புலம்பலாம்.

சரி, வெட்டுக்கு வருவோம். தலையை நேராக அறுத்தால் தண்ணீரில் இழுக்கும்போது ஹெர்ரிங் சுழலாது, செத்த மீன் மாதிரி இழுபடும் (செத்த மீன்தான், ஆனால் சினூக்குக்கு அது தெரியக்கூடாது). செவுள் மூடிக்கு ஒட்டிப் பின்னால் கத்தியை வைத்து, முதுகிலிருந்து வயிற்றுப் பக்கம் சாய்வாக இறக்க வேண்டும். கூடவே கத்தியையும் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் ஒரு விலா நீளமாகவும் மறு விலா குட்டையாகவும் வரும். இந்த இரண்டு சாய்வும் ஒரே இழுப்பில் விழ வேண்டும். நான் இத்தனை நாள் முதல் சாய்வை மட்டும் வெட்டிவிட்டு, இரண்டாவதைச் சின்னச் சின்னதாகச் சீவித் திருத்திக்கொண்டிருந்தேன். வெட்டுவாய் பிசிறு பிசிறாகிவிடும். ஒரு பிசிறு போதும், சுழற்சி கெட்டுவிடும்.

தச்சர்கள் சாய்வாக அறுக்க வைத்திருப்பது போல, ஹெர்ரிங்குக்கும் பள்ளம் போட்ட பிளாஸ்டிக் பெட்டி விற்கிறார்கள். வாங்கினேன். மீன் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் உள்ளே நழுவுகிறது. அது இப்போது கேரேஜில் திருகாணி போடப் பயன்படுகிறது.

உண்மையில் வித்தியாசம் செய்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, முழுதாக உருகாத ஹெர்ரிங். கல்லுப்பில் ஓர் இரவு ஊறவைத்து, பனிக்கட்டி மேலேயே வைத்து, உள்ளே இன்னும் விறைப்பு இருக்கும்போதே வெட்டினால் சதை கிழியாது. இன்னொன்று கத்தி. அந்தக் கைடு ஆறு மீனுக்கு ஒருமுறை தீட்டுகிறார்! நான் சீசனுக்கு ஒருமுறை.

குடலை முழுக்க வழித்தெடுத்த பிறகு மேல் கொக்கியை நீண்ட விலாப் பக்கம், முதுகெலும்பை ஒட்டிக் குத்த வேண்டும். கீழ்க் கொக்கி சும்மா தொங்கட்டும். மேல் கொக்கி கொஞ்சம் தள்ளிப்போனாலும் இரை உருளாமல் தள்ளாடும். படகோரமாகத் தண்ணீரில் விட்டுப் பார்க்காமல் ஒருபோதும் கீழே இறக்காதீர்கள். நான் பன்னிரண்டு வெட்டினேன், ஐந்து சுழன்றன. நல்ல சதவீதம் என்றுதான் நினைக்கிறேன். கைடு முகத்தில் அப்படித் தெரியவில்லை.

விரிகுடாவில் கோஸ்ட் ஹோல் என்கிற இடத்தின் பக்கம், கடல் ஓதம் ஏறி முடிகிற நேரம். ராட் நுனி இரண்டு தட்டு தட்டியது. கை பரபரத்தது. "தொடாதே" என்றார் கைடு. மறுபடி தட்டல். "தொடாதே." பிறகு ராட் பாதி வரை தண்ணீருக்குள் போனது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ரீல் கத்தியது, நான் கத்தினேன், வலை வந்தது. வாயைத் திறந்து பார்த்தோம், ஈறு கறுப்பு. வால் முழுக்கப் புள்ளி. சந்தேகமே இல்லை, சினூக். அதற்கு முன்னால் வந்த கோஹோவுக்கு (இன்னொரு சால்மன் வகை) கொழுப்புத் துடுப்பு, அதாவது முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் குட்டித் துடுப்பு, வெட்டப்படாமல் முழுதாக இருந்தது; பண்ணையில் பொரித்து விட்ட மீன் இல்லை, இயற்கை மீன் என்பதால் திருப்பி விட்டுவிட்டோம். அதுவும் என் வெட்டுதான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஓதம் இறங்க ஆரம்பித்ததும் ஆட்டம் முடிந்தது. கடற்புல் கொத்துக் கொத்தாக வந்து தூண்டில் நரம்பில் சுற்றியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்தே கை மரத்துப்போனது. நரம்பு முறுக்காமலிருக்கப் போடும் சுழலி ஒன்றைக் கடையில் புதிதாக வாங்கியிருந்தேன், அது வேறு சுழலவே இல்லை, நரம்பு முறுக்கிக்கொண்டு ஜடை போட்டுவிட்டது. இனி மணிச்சங்கிலி வைத்த சுழலிதான், விலை பார்க்கப்போவதில்லை.

பெண் மீன் என்பதால் சினை நிறைய இருந்தது. போராக்ஸ், சர்க்கரை, உப்பு போட்டு, சிவப்புச் சாயமும் சேர்த்துப் பதப்படுத்தி வைத்திருக்கிறேன். நவம்பரில் மழை பெய்து வில்சன் ஏறி இறங்கும்போது, ஆற்றோட்டத்தில் மிதந்துபோகும் ட்ரிஃப்ட் படகில் போய், அதை இரையாக மிதவைக்குக் கீழே போட்டுப் பார்க்க ஆசை. ஃப்ரீசரில் இன்னும் மூன்று தட்டு ஹெர்ரிங் பாக்கி. நேற்று குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இழுத்துப் பார்த்தேன், பத்தில் ஆறு சுழன்றது. குளியலறையில் வாடை இன்னும் போகவில்லை.