நிகோட்டின் சூயிங்கத்தை மெல்லத் தெரியாமல் ஒரு மாதம் வீணாய்ப் போனது

சிகரெட்டை விட்டு 11 மாதம் ஆகிறது. இது என் மூன்றாவது முயற்சி. முதல் தடவை வெறும் வைராக்கியத்தை நம்பி இறங்கி நான்காம் நாளே பற்ற வைத்துவிட்டேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவைதான் இன்னும் மனதை உறுத்துகிறது. யாராவது இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்திருந்தால் அப்போதே விட்டிருப்பேன்.

அன்றைக்கு நாளுக்கு 20 சிகரெட். இளைப்பு அதிகமாகி மருத்துவரிடம் போனேன். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சிகரெட்டை விட்டுடுங்க" என்றார். எப்படி விடுவது என்று கேட்டேன். "மனசு வெச்சா முடியும்." அவ்வளவுதான், அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மருந்துக்கடையில் நானாகவே நிகோட்டின் சூயிங்கம் கேட்டேன். சிகரெட்டுக்கு அடிமையாக்கும் நிகோட்டினைப் புகையில்லாமல் கொஞ்சமாகத் தந்து தவிப்பை அடக்குவது அது. 2 மில்லிகிராம் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நாளுக்கு எத்தனை பிடிப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி நறநறவென்று மென்று எச்சிலை விழுங்கினேன். தொண்டையில் காரம், ஓயாத விக்கல், நெஞ்செரிச்சல். சிகரெட் தவிப்போ துளியும் அடங்கவில்லை. போதாக்குறைக்கு, காபி குடித்த கையோடுதான் தினமும் வாயில் போடுவேன். ஒரு மாதம் இப்படி அல்லாடி, கடைசியில் "ஒண்ணே ஒண்ணு" என்று ஆரம்பித்து ஒரே வாரத்தில் பழைய கணக்குக்கு வந்துவிட்டேன். எனக்கு மன உறுதியே இல்லை என்று நினைத்துக் குமைந்த நாட்கள் அவை.

மூன்றாவது தடவை, புகைப்பழக்கத்தை விட ஆலோசனை தரும் ஒரு பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?" பல் தேய்ப்பதற்கு முன்பே என்றேன். அரை மணி நேரத்துக்குள் என்றால் 4 மில்லிகிராம்தான் சரி, 2 பத்தாது என்றார். அப்புறம் ஒன்றைப் பிரித்துக் கொடுத்து, தன் கண்முன்னாலேயே மென்று காட்டச் சொன்னார்.

மெதுவாக நாலைந்து கடி. நாக்கில் சுரீரென்று காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி நாலு கடி, இடத்தை மாற்றி ஒதுக்க வேண்டும். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். நிகோட்டின் வாயின் உட்பக்கத் தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண், வயிற்றெரிச்சல்தான் மிச்சம். காபி, பழச்சாறு குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் அந்த அமிலத்தன்மை நிகோட்டினைச் சேரவிடாது. நான் செய்தது எல்லாமே தப்பு என்று அந்த நாற்காலியில்தான் புரிந்தது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. (இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.)

இரண்டாம், மூன்றாம் நாட்கள் கொடுமை. பென்சில் கீழே விழுந்த சத்தத்துக்கு மகளிடம் கத்தினேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் உட்கார வைத்து, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லைம்மா, உன் மேல தப்பு இல்லை" என்று சொன்னேன். தவிப்பு ஒவ்வொன்றும் சில நிமிடம்தான் இருக்கும், தானாக இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். நிஜமாகவே இறங்கும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு விஷயங்கள். ஒன்று, விட்டபின் இருமலும் சளியும் கூடின. பயந்தே போனேன். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாயின் நுண்முடிகள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுவதாம். சில வாரங்களில் குறைந்தது. உங்களுக்குக் குறையவில்லை என்றாலோ ரத்தம் தெரிந்தாலோ உடனே காட்டுங்கள். இன்னொன்று காபி. புகை பிடிக்கும்வரை கல்லீரல் காஃபீனை வேகமாகக் கரைத்துவிடும். விட்டதும் அந்த வேகம் குறைகிறது. வழக்கமான நாலு கப்புக்கே கை நடுங்கி, தூக்கம் கெட்டது. நான் அதையும் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதியாகக் குறைத்த பிறகுதான் தூங்கினேன்.

நான்காம் வாரத்துக்குப் பின் பெரிதாக ஒன்றும் இல்லை. சூயிங்கத்தைப் படிப்படியாகக் குறைத்து 12 வாரத்தில் நிறுத்தினேன். ஐந்தாம் மாதம் நண்பன் ஒருவன் பாக்கெட்டை நீட்டி, "நாளுக்கு ஒண்ணு என்ன பண்ணிடும்?" என்றான். நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி கூடிவிடும் என்று சொன்னேன். பாக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

போன மாதம் காய்ச்சலுக்காக அதே பழைய மருத்துவரிடம் போக நேர்ந்தது. சிகரெட் உண்டா என்று கேட்டார். விட்டுவிட்டேன் என்று சொல்லி, சூயிங்கம் மெல்லும் முறை அச்சிட்ட தாளை மேசையில் வைத்தேன். திரையை விட்டுக் கண்ணை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார். "இதை நான் வெச்சுக்கலாமா?" என்று கேட்டார்.