பல்லி விழுந்த பலன்

ஜூலை 1, 2025, செவ்வாய்

காலை ஆறே காலுக்குக் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது தலையில் பொத்தென்று ஏதோ விழுந்தது. அது துள்ளித் தரைக்குப் போய் ஓடத் தொடங்கிய பிறகுதான் பல்லி என்று தெரிந்தது. போகிற அவசரத்தில் வாலை விட்டுவிட்டுப் போயிருந்தது. டபராவுக்குள் வால் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

நான் போட்ட கத்தலில் அம்மா எழுந்து வந்துவிட்டாள். "எங்கடா விழுந்துது?" என்றாள். அடிபட்டதா என்றெல்லாம் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டினாள்.

"தலைன்னா, இடது பக்கம் துன்பம். வலது பக்கம் கலகம். எந்தப் பக்கம்?"

"நடுவுலம்மா."

"நடுவுக்குப் போடலையே."

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று 621-ஆம் குறளில் வள்ளுவர் சொன்னது இடுக்கண் வந்தவனுக்கு. அவன் வீட்டுக்காரிக்கு இல்லை.

பல்லியின் விரலில் பசை எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் பிடியில்தான் கண்ணாடியில்கூட ஏறுகிறது. ஆனால் உரிந்து தொங்கும் சுண்ணாம்பைப் பிடித்தால் சுண்ணாம்போடுதான் வரும். வந்தது. என் தலையில் பல்லி பாதி, கூரை பாதி. பல்லிக்குப் பலன் பஞ்சாங்கத்தில் இருந்தது. சுண்ணாம்புக்கு மனைவியிடம் இருந்தது: "போன பொங்கலுக்கே பெயின்டரைக் கூப்பிடுங்கன்னு சொன்னேன்."

ஜூலை 3, வியாழன்

மோட்டாரைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்காரலாம் என்று பேப்பரை எடுத்தேன். தமிழ்நாட்டில் மோட்டாரைப் போட்டவன் பேப்பர் படிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவரலாம். தொட்டி நிரம்பி, மொட்டை மாடி முழுக்க ஓடி, கீழ் வீட்டு அக்கா பாயில் காயப்போட்டிருந்த மோர்மிளகாயைத் திரும்ப மோரில் ஊறிய நிலைக்குக் கொண்டுபோய்விட்டது.

அக்கா படியேறி வந்தார். இருபது நிமிடம் பேசினார். இடையில் மூச்சுவிட்டதாக நினைவில்லை. நான் "சாரிக்கா" என்று ஏழு தடவை சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு விரலை உயர்த்தி, ரொம்பத் திருப்தியாகச் சொன்னாள்: "வலது பக்கம்தான் விழுந்திருக்கு."

ஜூலை 4, வெள்ளி

சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போயிருக்கிறேன். மாலை நாலு மணிக்கு டீ கொண்டுவந்த பையன்தான் சொன்னான். அதுவரை பதினோரு பேரிடம் பேசியிருக்கிறேன், ஒரு மீட்டிங்கில் மற்றவர்களுடைய கவனக்குறைவைப் பற்றி வேறு. அம்மாவிடம் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தை மறுபடி எடுத்துவிடுவாள்.

ஜூலை 6, ஞாயிறு

காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாள் கோயிலில் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால்தான் தோஷம் போகும் என்று தீர்ப்பாகிவிட்டது. தாம்பரத்தில் திருமால்பூர் வண்டி ஏறினோம். கிளம்பும் அவசரத்தில், ஒரு வாரம் தங்கிவிட்டுப் போன மச்சான் மறந்து வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்பது செங்கல்பட்டு தாண்டித்தான் தெரிந்தது. தோல் செருப்பு, நல்ல மெத்து. மாற்ற வழியில்லை, மனமும் இல்லை.

கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி, பக்கத்தில் சூரிய சந்திரர் எல்லாம் கூரையில் இருக்கிறார்கள். படியேறிக் கையை உயர்த்தித் தடவ வேண்டும். கௌதம முனிவரின் சீடர்கள் இருவர், பூஜைக்குக் கொண்டுவந்த தீர்த்தத்தில் பல்லி விழுந்ததைக் கவனிக்காததால் சாபம் பெற்றுப் பல்லியானார்களாம். ஆக அதுவும் கவனக்குறைவு கேஸ்தான். தடவும்போது கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி இருந்தது.

கீழே இறங்கியதும் மனைவி காதில் சொன்னாள்: "எத்தனை பேர் தொட்டும் விழாம இருக்கு பாருங்க. கூரையைப் பராமரிக்கணும்."

வெளியே வந்தால் செருப்பைக் காணோம். காசு கொடுத்து டோக்கன் வாங்கச் சோம்பல்பட்டுத் தூண் ஓரமாக விட்டிருந்தேன். 2019-ல் அத்தி வரதர் 48 நாள் காட்சி கொடுத்தபோது, அந்தக் கூட்டத்திலும் என் ரப்பர் செருப்பு விட்ட இடத்தில் இருந்தது. (அவர் அடுத்து வெளியே வருவது 2059-ல். எனக்கு 92 ஆகும். செருப்பு தேவைப்படாது.) பூ விற்கும் பாட்டி ஆறுதல் சொன்னார்: "கோயில்ல செருப்பு போனா பீடை போச்சுன்னு அர்த்தம் சாமி."

சந்தோஷமாகத்தான் இருந்தது. வெறுங்காலோடு வெயிலில் குதித்துக் குதித்துக் கடைக்குப் போகும்போதுதான் உறைத்தது: செருப்பு மச்சானுடையது. அப்படியானால் போன பீடையும் அவனுடையதுதான். ரயில் செலவு என்னுடையது.

கோயில் இட்லி மட்டும் ஏமாற்றவில்லை. சுக்கு, மிளகு, சீரகம், மந்தாரை இலை வாசனை. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

மச்சான் போன் செய்தான். "மாமா, என் செருப்பு அங்க இருக்கா?" சொல்லத் தொடங்கும் முன்பே அவன் குரல் குதித்தது: ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கடன் இன்று காலை பாஸாகிவிட்டதாம்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பேசவில்லை. பேசினால் இந்தச் சாஸ்திரத்துக்கு நானே சாட்சியாகிவிடுவேன். செருப்புக்கான 1,800 ரூபாயை அவன் மறுத்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பெயின்டர் வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்து, உச்சுக்கொட்டி, சொன்ன தொகையில் காஞ்சிபுரத்துக்கு நூறு தடவை போய்வரலாம். ஆடி பிறப்பதற்குள் முடித்துத் தருகிறேன் என்றார். நம்பியிருக்கிறேன்.

சாயங்காலம் டியூப்லைட் ஓரத்தில் அதே பல்லி. மொட்டை வாலில் சின்னதாக ஒரு முனை துளிர்க்கத் தொடங்கியிருக்கிறது. முன்ஜாக்கிரதையாக நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டேன். அதுவும் இரண்டடி நகர்ந்து, நேராக என் தலைக்கு மேலே வந்து நின்றது.

அம்மாவின் கையில் பஞ்சாங்கம் தயாராக இருந்தது.

"டேய், கொஞ்சம் நிமிர்ந்து உக்காரு. நெத்தில வலது பக்கம் விழுந்தா லட்சுமிகரம்."