சார்ஜ் என்ற சொல் என்னைக் கவிழ்த்த கதை

ஆங்கிலத் தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதற்குக் கீழே நான்கு கேள்விகள் கேட்டிருந்தார்கள். பத்தியின் முதல் வரி இப்படித் தொடங்கியது: ‘தி நேனி டுக் ஹெர் யங் சார்ஜஸ் டு தி பார்க்.’ எனக்கு அப்போது தெரிந்த சார்ஜ் இரண்டுதான். ஒன்று கட்டணம், இன்னொன்று போனுக்கு ஏற்றுவது. அந்த ஆயா பூங்காவுக்குப் போய்வரக் கட்டணம் வாங்கினாள் என்று நானாக ஒரு கதையைக் கட்டி, நான்கு கேள்விக்கும் அந்தக் கதைப்படியே விடை எழுதிவிட்டு வந்தேன். நான்கும் தவறு. அங்கே சார்ஜஸ் என்பது அவள் பொறுப்பில் விட்டிருந்த குழந்தைகள்.

வந்த கோபத்தில் அகராதியைத் திறந்து, சார்ஜுக்கு இருந்த பொருள்களை எல்லாம் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன். ஒரு வாரம் கூட நிற்கவில்லை. அப்புறம்தான், எப்போதும் தாண்டிப் போகும் அந்தப் பொடி எழுத்துப் பகுதியைப் படித்தேன். சொல் எங்கிருந்து வந்தது என்று அதில்தான் போட்டிருப்பார்கள். லத்தீனில் ‘காருஸ்’ என்றால் வண்டி. அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு வினைச்சொல் உண்டாகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் சார்ஜ் ஆக நுழைந்திருக்கிறது. அதாவது விதைப்பொருள், சுமை ஏற்றுதல். கார், கேரி, கார்கோ எல்லாம் இதன் உறவுக்காரர்கள். ஒரு முகத்தில் மூக்கையோ காதையோ கொஞ்சம் கூடுதலாக ‘ஏற்றி’ வரையும் கேரிகேச்சரும் அதே குடும்பம்தான்.

இதைப் படித்ததும் தமிழே கைகொடுத்தது. நாம் குற்றத்தைச் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், வரியையும் சுமத்துகிறோம். போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதை நாம் சுமத்து, ஏற்று என்று இரண்டில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். நாம் மின்னூட்டம் என்று படிப்பதை இலங்கைப் பாடநூல்கள் மின்னேற்றம் என்கின்றன. என் கணக்குக்கு அதுதான் இன்னும் பொருத்தம். அந்த ஆயாவின் குழந்தைகளும் அவள் மேல் ஏற்றிய பொறுப்பு என்று பார்த்தால் சரியாக வந்து உட்கார்கிறார்கள்.

துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ்தான். 1740களில் லெய்டன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேமிக்கக் கற்றுக்கொண்டபோது அதே சொல் அங்கேயும் போனது. அப்படிப்பட்ட ஜாடிகள் பலவற்றை இணைத்த பெஞ்சமின் பிராங்கிளின் அதற்குப் பேட்டரி என்று பெயர் வைத்தார். அது பீரங்கி வரிசைக்கு ஏற்கெனவே இருந்த பெயர். ஆக, நம் சட்டைப்பையில் இருக்கும் இரண்டு சொல்லுக்கும் போர்க்கள வாசனை உண்டு. பாய்ந்து தாக்குவது என்ற பொருளும் இந்தப் பக்கத்திலிருந்துதான்: ஈட்டியைத் தாக்கும் நிலைக்குக் கொண்டுவருவதைச் சார்ஜ் என்றார்கள், பிறகு பாய்ச்சலுக்கே அது பெயராகிவிட்டது. 1854இல் கிரிமியப் போரின்போது பலக்லாவா என்ற இடத்தில் ஆங்கிலேயக் குதிரைப்படை பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்ததும் சார்ஜ் என்றே வரலாற்றில் நிற்கிறது.

தேர்வில் அதிகம் மாட்டிவிடுவது டிஸ்சார்ஜ். ஏற்றியதை இறக்கினால் டிஸ்சார்ஜ். நோயாளி வீடு திரும்புவது, புண்ணிலிருந்து சீழ் வடிவது, துப்பாக்கி வெடிப்பது, பேட்டரி தீர்வது எல்லாம் இறக்கம்தான். ஆனால் ‘ஹி டிஸ்சார்ஜ்டு ஹிஸ் டியூட்டீஸ்’ என்றால் அவன் கடமையைச் செய்து முடித்தான். நான் கடமையைக் கைவிட்டான் என்று படித்தேன். ‘ஹி வாஸ் டிஸ்சார்ஜ்டு ஃப்ரம் ஹிஸ் டியூட்டீஸ்’ என்று வந்தால்தான் அவனைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டார்கள். கடனை அடைத்தபின் ‘பாரம் இறங்கியது’ என்போமே, அதை நினைத்துக்கொண்டால் முதல் வாக்கியம் குழப்பாது.

கூட வரும் சின்னச் சொற்களைத் தனியாகப் படிக்காதீர்கள், வாக்கியத்தோடு எழுதிவையுங்கள். சார்ஜ்டு என்றால் ‘வித்’ வரும், அக்யூஸ்டு என்றால் ‘ஆஃப்’. இரண்டும் குற்றம் சுமத்துவதுதான், ஆனாலும் மாற்றிப் போட்டால் மதிப்பெண் போச்சு. ஆயா குழந்தைகளுக்கு ‘இன் சார்ஜ் ஆஃப்’. குழந்தைகள் ஆயாவின் ‘இன் தி சார்ஜ் ஆஃப்’. நடுவில் ஒரு ‘தி’ வந்ததும் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

இந்த வழி எல்லாச் சொல்லுக்கும் உதவாது. நாய் குரைப்பதும் ‘பார்க்’தான், மரப்பட்டையும் ‘பார்க்’தான், ஆனால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அகராதி ஒரே எழுத்துக்கூட்டலைச் சின்ன 1, 2 போட்டுத் தனித்தனித் தலைச்சொல்லாகப் பிரித்திருந்தால், பெரும்பாலும் அவை வேறு வேறு பிறப்பு. விதையைத் தேடி நேரத்தைக் கெடுக்க வேண்டாம். ஒரே தலைச்சொல்லின் கீழ் பொருள்கள் வரிசையாக வந்தால் தேடிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சார்ஜர் என்றால் பழைய ஆங்கிலக் கதைகளில் போர்க்குதிரை. தளபதி சார்ஜர் மீது ஏறினார் என்று பத்தியில் வந்தால் வயரைத் தேடாதீர்கள்.